கைப்பிடி வைத்த பெஞ்சு

லண்டனில் சித்தி மகன் வீட்டில் மூன்று வாரம் இருந்தேன். எங்கெங்கே போவது என்ற பட்டியலை அவன்தான் போட்டான். நான் கேட்டுச் சேர்த்தது ஒரே ஓர் இடம், பிரிட்டிஷ் பார்லிமென்டின் மேல்சபையான பிரபுக்கள் சபை. "அங்க என்னண்ணே இருக்கு? வயசானவங்க உட்கார்ந்து தூங்குவாங்க" என்றான். அவன் சொன்னதில் பாதி சரி. நான் மேல்மாடத்தில் போய் உட்கார்ந்தபோது கீழே முப்பது பேர்கூட இல்லை. அதில் இரண்டு பேர் கண்ணை மூடியிருந்தார்கள். ஏதோ ஒரு மசோதாவை வரிவரியாகப் பிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் பார்க்கப் போனது மசோதாவை இல்லை, ஒரு பெஞ்சை. அந்தச் சபையில் வரிசை வரிசையாகச் சிவப்புத் தோல் பெஞ்சுகள். ஆளுங்கட்சிப் பக்கத்தில் ஒன்றுக்கு மட்டும் ஓரத்தில் கைப்பிடி உண்டு. இங்கிலாந்து சபையின் பிஷப்மார் சிலருக்குப் பதவியாலேயே இங்கே இடம் உண்டு; அதுதான் அவர்களின் பெஞ்சு. மதியச் சாப்பாட்டில் ஒயின் கூடிப்போன பிஷப்கள் சரிந்து விழாமல் இருக்க வைத்தது என்று ஒரு பழைய கேலி இருக்கிறது. நிஜமா என்று யாரும் கவலைப்படுவதில்லை, ரசித்துச் சொல்கிறார்கள். அன்று அதில் ஒரே ஒருவர் இருந்தார். வெள்ளை அங்கி, மணிக்கட்டில் சுருக்கம் வைத்துப் புசுபுசுவென்று உப்பிய கை, அதன்மேல் கறுப்பு மேலங்கி. காகிதங்களைப் புரட்டினார். ஓரிடத்தில் பென்சிலால் கோடு போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் இருந்த ஒன்றரை மணி நேரத்தில் வாயைத் திறக்கவே இல்லை.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவன். எங்கள் ஊருக்குப் பிஷப் ஐயா வருகிறார் என்றால் கோவிலுக்கு வெள்ளையடிப்பார்கள், தெருமுனையில் வாழைமரம் நிற்கும், பாடகர் குழு ஒரு மாதம் முன்பே தொண்டையைச் சரிசெய்யத் தொடங்கிவிடும். என் திடப்படுத்தல் ஆராதனையில், அதாவது திருச்சபையில் என்னை முழு உறுப்பினனாக்கும் சடங்கில், அவர் தலையில் கை வைத்தபோது, கையின் கனம்தான் முதலில் தெரிந்தது. "என்னல சொன்னாவ?" என்று ஆச்சி கேட்டாள். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. எங்களுக்குத் தெரிந்த பிஷப்பின் வேலை அவ்வளவுதான்: திடப்படுத்துவார், குருப்பட்டம் கொடுப்பார், பள்ளிக்கூட விழாவில் ரிப்பன் வெட்டுவார். அதே ஆங்கிலிக்கன் திருச்சபை மரபில் வந்த இன்னொரு பிஷப், ஒரு நாட்டின் வரிச் சட்டத்திலும் ஜெயில் சட்டத்திலும் ஓட்டுப் போடுகிறார் என்பது வெகுநாள் எனக்கு வேடிக்கையாக இருந்தது.

வேடிக்கை இன்னொரு பக்கமும் உண்டு. எங்கள் ஊர்ப் பிஷப் பதவியே, லண்டனில் பார்லிமென்ட் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டரில் போட்ட சட்டத்தில் வேர் விட்டது. 1813இல் கிழக்கிந்திய கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பித்தபோது, இந்தியாவுக்கு ஒரு பிஷப் வேண்டும் என்று அதில் எழுதினார்கள். சம்பளம் இந்திய வருவாயிலிருந்து. 1814இல் தாமஸ் மிடில்டன் கல்கத்தாவுக்கு வந்தார், 1835இல் மதராஸுக்கு டேனியல் கோரி, 1896இல் திருநெல்வேலி தனி அத்தியட்சாதீனம், அதாவது தனிப் பிஷப்பின் எல்லை. கட்டியதைப் போலவே கட்டை அவிழ்க்கவும் அங்கேதான் சட்டம் வேண்டியிருந்தது. 1927இல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் இந்தியத் திருச்சபைச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றிய பிறகே, 1930இல் இங்குள்ள ஆங்கிலிக்கன் சபை இங்கிலாந்து சபையிலிருந்து சட்டப்படி விடுபட்டது. கிறிஸ்து யாரென்று சொல்ல வேதம் போதும்; திருநெல்வேலி பிஷப் யாருக்குக் கீழ் என்று சொல்ல பார்லிமென்ட் வேண்டியிருந்தது.

சரி, கைப்பிடிப் பெஞ்சுக்கு வருவோம். மொத்தம் 26 பேர். கேன்டர்பரி, யார்க் ஆர்ச்பிஷப்கள் (தலைமைப் பிஷப்கள்), லண்டன், டர்ஹம், வின்செஸ்டர் பிஷப்கள் ஆகிய ஐவருக்கும் எப்போதும் இடம் உண்டு. மற்ற 21 இடங்கள் பதவி மூப்புப்படி. தொழில்நகரங்கள் வளர வளரப் புதுப்புது பிஷப் பதவிகள் வந்தன. 1847இல் மான்செஸ்டருக்கு ஒன்று வந்தபோது, பிரபுக்கள் சபையில் 26க்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் போட்டு நிறுத்தினார்கள். 2015 சட்டம் பெண் பிஷப்களுக்கு வரிசையில் முன்னுரிமை கொடுத்தது. அதன்படி முதலில் வந்தவர் குளோஸ்டரின் ரேச்சல் ட்ரீவீக். 70 வயதில் பிஷப் பதவி போகும், அதோடு ஆசனமும் போகும். கட்சி கிடையாது, கொறடா கிடையாது. தினமும் ஒருவர் முறை வைத்து வந்து ஜெபம் சொல்லிச் சபையைத் தொடங்கி வைக்கிறார். ஜெபம் முடியும்வரை கேமராவும் ஓடாது, மேல்மாடத்துக்கு ஆளும் விடமாட்டார்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து திருச்சபைகளுக்கு இடமில்லை. இங்கிலாந்து சபைக்கு மட்டும். ஆனால் போடும் சட்டம் நான்கு நாட்டுக்கும்.

இதை ஆதரித்துப் பேசுகிறவர்கள் சரித்திரத்தை அதிகம் கிளறுவதில்லை. கிளறினால் பிஷப்மார்களுக்கு நல்லதில்லை. கடையில் ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள பொருளைக் கமுக்கமாகத் திருடினால் தூக்கு என்று ஒரு சட்டம் இருந்தது. அந்தத் தூக்கை எடுத்துவிடலாம் என்று சாமுவேல் ரோமிலி கொண்டுவந்த மசோதா 1810இல் பிரபுக்கள் சபைக்கு வந்தது. ஏழு பிஷப்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள், கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பும் சேர்த்து. ஐந்து ஷில்லிங்!

1831 இன்னும் மோசம். ஓட்டுரிமையைக் கொஞ்சம் விரிக்கும் சீர்திருத்த மசோதா அக்டோபரில் சபைக்கு வந்து, 158க்கு 199 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் 21 பேர் பிஷப்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த 21 பேரும் இந்தப் பக்கம் வந்திருந்தால் 179க்கு 178, மசோதா ஒரு ஓட்டில் ஜெயித்திருக்கும். நாட்டு மக்களும் இதே கணக்கைப் போட்டார்கள். அந்த மாதக் கடைசியில் பிரிஸ்டலில் பெருங்கலவரம், பிஷப்பின் அரண்மனை எரிந்து சாம்பலானது. நவம்பர் 5 அன்று, பார்லிமென்டை வெடி வைத்துத் தகர்க்கப் பார்த்த கை ஃபாக்ஸின் பொம்மையைக் கொளுத்துவது வழக்கம். அந்த வருஷம் பல ஊர்களில் பிஷப் பொம்மை எரிந்தது. மறுவருஷம் ஆர்ச்பிஷப் ஹவ்லி கேன்டர்பரிக்குப் போனபோது அவருடைய வண்டிமேல் கண்டதையும் வீசினார்கள். செத்த பூனை ஒன்று கூடவந்த குருவானவரின் முகத்தில் பட்டதாம். "உயிரோடு இருக்கிற பூனையாக இல்லாததற்கு ஸ்தோத்திரம் சொல்லும்" என்றாராம் ஹவ்லி. கதையாகவே இருக்கட்டும். 1832 ஏப்ரலில் சில பிஷப்கள் பக்கம் மாறினார்கள், மசோதா 9 ஓட்டில் பிழைத்தது.

அதாவது அவர்கள் ஓட்டுக்கு உண்மையில் பலம் இருந்த காலத்தில், பெரும்பாலும் இருக்கிறவன் பக்கமே இருந்தார்கள். தாங்களும் இருக்கிறவர்களாகத்தானே இருந்தார்கள். பெரிய நிலபுலம், அரண்மனை, பிரபு வீட்டுத் தம்பிமார். பலம் குறையக் குறையத்தான் பேச்சு மாறியது.

மாறியதற்கு அடையாளமாக நான் சொல்வது வில்லியம் டெம்பிளை. 1942இல் கேன்டர்பரி ஆர்ச்பிஷப் ஆனார், 1944இல் இறந்துவிட்டார், இரண்டே வருஷம். மக்கள்நல அரசு என்ற சொல்லை இங்கிலாந்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். ஹிட்லர் நடத்தியதைப் போன்ற அதிகார அரசுக்கு எதிர்ச்சொல்லாக அதைச் சொன்னார். பிரிட்டனின் சமூகநலத் திட்டங்களுக்கு அடிப்படையான பெவரிட்ஜ் அறிக்கை வந்த அதே 1942இல் சமூக ஒழுங்கைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார், போர்க்காலத்தில் அது லட்சத்துக்கு மேல் விற்றது. அதில் ஒரு பாலம் வரும். பாலம் பத்திரமாக இருக்க வேண்டும் என்று பொறியாளரிடம் சொல்லத் திருச்சபைக்கு உரிமை உண்டு. எந்தக் கம்பியை எங்கே போடுவது என்று சொல்ல உரிமையில்லை என்கிறார். எவ்வளவு தெளிவு! அப்புறம் பின்னிணைப்பில், இது என் சொந்தக் கருத்து மட்டுமே என்று சொல்லிவிட்டு, வீடு, கூலி, பள்ளிக்கூடம் என்று கம்பி கம்பியாகப் பட்டியல் போடுகிறார். எனக்கு டெம்பிளைப் பிடிப்பதற்கு இந்தப் பின்னிணைப்பும் ஒரு காரணம். வாய் சும்மா இருக்கவில்லை.

மைக்கேல் ராம்சே 1960களில் ஆர்ச்பிஷப். தூக்குத் தண்டனையை எடுக்கும் சட்டத்தை ஆதரித்தார். ஆணுக்கும் ஆணுக்கும் உள்ள உறவு பாவம் என்று கருதிக்கொண்டே, அது குற்றமாக இருக்கக்கூடாது என்று 1967 சட்டத்தையும் ஆதரித்தார். பாவம் வேறு, குற்றம் வேறு என்று அந்தப் பெஞ்சிலிருந்து ஒருவர் சொன்னது அன்றைக்குப் பெரிய விஷயம். 1968இல் கென்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த இந்திய வம்சாவளியினர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தும் உள்ளே விடாமல் தடுக்க, ஒரு வாரத்துக்குள் சட்டம் அடித்துத் தள்ளினார்கள். அதையும் ராம்சே சபையில் எதிர்த்தார். சட்டம் நிறைவேறிவிட்டது.

"எதிர்த்தார், நிறைவேறிவிட்டது." பிஷப்களைப் பற்றி வாசிக்க வாசிக்க இந்த இரண்டு சொல்லும் ஜோடியாக வந்துகொண்டே இருக்கும். ருவாண்டா விவகாரத்திலும் அப்படித்தான். அடைக்கலம் தேடி வந்தவர்களை ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டம் நாட்டுக்கே வெட்கம் என்று 2022 ஜூனில் சபையிலிருந்த பிஷப்கள் ஒன்றுசேர்ந்து பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். 2024இல் ருவாண்டா சட்டம் நிறைவேறியது. தேர்தலில் ஆட்சி மாறியபோதுதான் திட்டம் செத்தது.

ஜெயித்த ஒரு நாளைச் சொல்கிறேன். 2012 ஜனவரி 23. ஒரு குடும்பத்துக்கு அரசு தரும் எல்லா உதவித்தொகையும் சேர்ந்து வருஷம் 26,000 பவுண்டைத் தாண்டக்கூடாது என்று பிரதமர் கேமரூனின் அரசு ஒரு மசோதா கொண்டுவந்திருந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும், உழைக்கிறவன் வீட்டுச் சராசரி வருமானம் அவ்வளவுதானே என்றார்கள். ரிப்பன் அண்ட் லீட்ஸ் பிஷப் ஜான் பேக்கர் எழுந்து ஒரே ஒரு திருத்தம் கேட்டார்: பிள்ளைகளுக்கென்று தரும் தொகையை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வேலையில் இருக்கும் வீட்டுக்கு அந்தத் தொகை சம்பளத்துக்கு மேல் வருகிறது; இல்லாத வீட்டில் மட்டும் அதை வரம்புக்குள் அடக்குவானேன்? ஒரு பிள்ளை உள்ள வீட்டுக்கும் ஐந்து பிள்ளை உள்ள வீட்டுக்கும் ஒரே வரம்பா? ஓட்டெடுத்தார்கள். 252க்கு 237. அரசு தோற்றது.

ஒன்பது நாள்தான். பிப்ரவரி முதல் தேதி, மக்கள் தேர்ந்தெடுத்த எம்.பி.க்களின் கீழ்ச்சபையான பொதுச்சபை அதை ரத்து செய்தது. பணம் சம்பந்தப்பட்டதில் பிரபுக்கள் சபைக்குக் கைவைக்க உரிமையில்லை என்ற பழைய மரபைச் சொல்லி, மேற்கொண்டு வாதத்துக்கே இடமில்லாமல் மூடிவிட்டார்கள். இதில் இன்னொரு கூத்து, ஓய்வு பெற்ற ஆர்ச்பிஷப் ஜார்ஜ் கேரி பத்திரிகையில் எழுதி அரசின் பக்கம் நின்றார். டெம்பிளின் பாலத்தைக் கொண்டு பார்த்தால் பேக்கர் செய்தது கம்பி வேலை, எல்லை மீறல். ஆனால் அந்தக் கம்பி இல்லாவிட்டால் பாலத்திலிருந்து முதலில் விழுவது பிள்ளை என்று தெரிந்தவன் சும்மா இருப்பானா?

கேன்டர்பரி ஆர்ச்பிஷப்பாக இருந்த ஜஸ்டின் வெல்பி கதை வேறு மாதிரி. எண்ணெய்க் கம்பெனிகளில் பதினொரு வருஷம் கணக்கு வழக்குப் பார்த்துவிட்டுக் குருவானவர் ஆனவர். வங்கிகளின் ஒழுங்கை விசாரித்த பார்லிமென்ட் குழுவிலும் இருந்தார். 2013இல் வோங்கா என்ற கந்துவட்டிக் கம்பெனியின் தலைவரிடம், உங்களைச் சட்டத்தால் மூடப்போவதில்லை, திருச்சபைக் கட்டடங்களில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு இடம் கொடுத்து உங்களைப் போட்டியில் தோற்கடிப்போம் என்று சொன்னதாகப் பேட்டி கொடுத்தார். நாடே கைதட்டியது. மறுநாள் செய்தி: திருச்சபையின் ஓய்வூதியப் பணத்தில் 75,000 பவுண்டு, வேறொரு நிதி வழியாகச் சுற்றிப் போய், அதே வோங்காவில் முதலீடாக இருக்கிறது. "தன் பணத்தை வட்டிக்குக் கொடாமலும்" என்று பதினைந்தாம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லி ஞாயிறு பள்ளியில் பென்சில் பரிசு வாங்கியவன் நான். அந்தச் செய்தியை வாசித்து வாய்விட்டுச் சிரித்தேன். வெல்பி வெட்கமாக இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். அரசு பிறகு அந்த மாதிரிக் கடனுக்கு உச்சவரம்பு போட்டது. 2015 ஜனவரியிலிருந்து நாளுக்கு 0.8 சதவீதம், எத்தனை நாள் இழுத்தாலும் வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கட்ட வேண்டியதில்லை. 2018இல் வோங்கா திவாலானது.

அதே வெல்பி, திருச்சபையோடு தொடர்புடைய முகாம்களில் பையன்களை வதைத்த ஒருவர் மீதான புகாரைச் சரியாகத் தொடரவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னதால், 2024 நவம்பரில் பதவி விலகுவதாக அறிவித்தார். அடுத்த மாதம் பிரபுக்கள் சபையில் வீட்டுவசதி பற்றிப் பேச எழுந்தவர், தன் விலகலையே நகைச்சுவையாக்கிப் பேசினார். பாதிக்கப்பட்டவர்கள் கொதித்தார்கள், மன்னிப்புக் கேட்டார். அந்த வீடியோவை நான் முழுதாகப் பார்க்கவில்லை. பாதியில் மூடிவிட்டேன்.

இனி எனக்குள் உள்ள கோணலைச் சொல்ல வேண்டும். பிள்ளைத் தொகைக்கு ஒரு பிஷப் எழுந்தால் மனசாட்சி பேசுகிறது என்கிறேன். ஆயுள் முடியப்போகிற நோயாளி மருத்துவர் உதவியோடு சாவதை அனுமதிக்கும் மசோதாவை அதே பெஞ்சு எதிர்த்தால், மதம் ஏன் இதில் மூக்கை நுழைக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. 2006இல் அப்படி ஒரு மசோதா 148க்கு 100 என்று தோற்றது, ஆர்ச்பிஷப் ரோவன் வில்லியம்ஸ் எதிர்த்தவர்களில் முன்னால் நின்றார். 2025 ஜூனில் பொதுச்சபை இன்னொரு மசோதாவை 314க்கு 291 என்று நிறைவேற்றி மேலே அனுப்பியது. மறுபடி பிஷப்கள் எதிர்ப்பு. லண்டன் பிஷப்பாக இருந்து, கேன்டர்பரியின் முதல் பெண் ஆர்ச்பிஷப்பாக அறிவிக்கப்பட்ட சாரா முலாலி, ஒரு காலத்தில் இங்கிலாந்தின் தலைமைச் செவிலியர். வேத வசனத்தோடு நிறுத்தாமல், வலி தணிக்கும் சிகிச்சை சரியாகக் கிடைக்காத ஊரில் ஏழையும் ஊனமுற்றவரும் வீட்டாருக்குப் பாரம் என்று நினைத்துச் சாவைத் தேர்ந்தெடுக்க மாட்டார்களா என்று கேட்கிறவர். என் பெரியப்பாவின் கடைசி நாற்பது நாளைப் பக்கத்திலிருந்து பார்த்த எனக்கு, அவருக்குப் பதில் சொல்லவும் வரவில்லை, ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஜார்ஜ் கேரி இதில் 2014இலேயே கட்சி மாறி ஆதரித்துவிட்டார். எனக்குப் பிடித்த பக்கம் ஓட்டுப் போட்டால் தீர்க்கதரிசி, பிடிக்காத பக்கம் போட்டால் குருக்கள் ஆட்சி என்று பேசுவது அளவுகோல் ஆகாது. எனக்கு வேறு அளவுகோல் இதுவரை கிடைக்கவும் இல்லை.

ஆசனம் இருக்கலாமா என்று நேராகக் கேட்டால், கூடாது என்பேன். சராசரி ஞாயிற்றுக்கிழமையில் பத்து லட்சம் பேர்கூட வராத திருச்சபைக்கு, ஓட்டே கேட்காமல் 26 இடம் என்பதை எந்த வாதத்தாலும் நிமிர்த்த முடியாது. ஆனால் அதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணத்தைத்தான் நான் சொல்லத் தயங்குவேன். குருமாருக்குச் சட்டசபையில் உரிமையாக இடம் கொடுப்பது ஈரானும் பிரிட்டனும் மட்டும்தான் என்பார்கள். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் உள்ள மான் தீவின் பார்லிமென்டிலும் ஒரு பிஷப் உட்கார்ந்திருக்கிறார், அது போகட்டும். இன்று அந்தக் கைப்பிடிப் பெஞ்சில் செம்ஸ்ஃபோர்ட் பிஷப் குலி ஃபிரான்சிஸ் தெஹ்கானி இருக்கிறார். பிறந்தது ஈரானின் இஸ்ஃபஹானில். அப்பா அங்கே ஆங்கிலிக்கன் பிஷப். புரட்சிக்குப் பிறகு அப்பாவைச் சுட வந்தார்கள், தப்பினார். 1980இல் அண்ணன் பஹ்ராமைக் கொன்றார்கள். பதினான்கு வயதில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்கு அடைக்கலமாக வந்தவர், 2021 முதல் பிரபுக்கள் சபையில். அகதி மசோதா வரும்போது அவர் எழுந்து பேசுகிறார். குருமார் ஆட்சி எப்படி இருக்கும் என்று அந்தச் சபையில் அவருக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? "நீயும் ஈரான் மாதிரிதான்" என்று அவரைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

வீட்டுக்குத் திரும்பும்போது ரயிலில் தம்பி கேட்டான்: "உங்க பிஷப் என்ன பேசினாரு?"

"பேசலை."

"அப்ப எதுக்கு அங்க உட்கார்ந்திருக்காரு?"

அவனுக்கு டர்ஹம் பிஷப் பால் பட்லரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன், ஈஸ்ட் ஹாம் வந்துவிட்டது. இங்கே முடித்துவிடுகிறேன். குறைந்த வருமான வீடுகளுக்குத் தரும் நலத்தொகையில், 2017 ஏப்ரலுக்குப் பிறகு பிறந்த மூன்றாவது பிள்ளைக்குப் பங்கு கிடையாது என்று பிரிட்டனில் ஒரு விதி வந்தது. பட்லர் வருஷக்கணக்காக அதை எதிர்த்துப் பேசினார். 2022இல் அதை எடுக்கச் சொல்லித் தானே ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. 2024 பிப்ரவரியில் ஓய்வு பெற்றுப் பெஞ்சை விட்டுப் போனார். அந்த ஜூலையில் வந்த புதுத் தொழிற்கட்சி அரசு, விதியை எடுக்க ஓட்டுப் போட்ட தன் எம்.பி.க்கள் ஏழு பேரைக் கட்சியிலிருந்து தற்காலிகமாக நீக்கியது. 2025 நவம்பர் பட்ஜெட்டில் அதே அரசு, 2026 ஏப்ரலிலிருந்து அந்த விதி இருக்காது என்று அறிவித்தது. அந்த அறிவிப்பு வந்தபோது, விதியோடு முதலில் பிறந்த மூன்றாவது பிள்ளைகளுக்கு எட்டு வயது முடிந்திருந்தது.